பாலாம்பிகை அக்காவுக்குத் தெரிந்த படம்

நான் வீடியோக்காரன். வீடியோ எடுப்பவனுக்கும் படம் எடுப்பவருக்கும் ஒருநாளும் ஒத்துவராது. தாலி கட்டுகிற நேரம் பார்த்து அவருடைய முதுகு என் கமெராவுக்கு முன்னால் வந்து நிற்கும். என்னுடைய வெளிச்சம் அவருடைய படத்தைக் கெடுக்கும். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க நாங்கள் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் ஏசுவோம். அப்படிப் பதின்மூன்று வருடம் நான் மல்லுக்கட்டிய மனிதர் அருமைராசா அண்ணை. அவருக்கு நன்றி சொல்லவென்று இன்றைக்குப் பேனாவைத் தூக்கியிருக்கிறேன் என்றால் என் மனைவியே நம்பமாட்டாள்.

அண்ணை மட்டக்களப்பார். அங்கே ஒரு ஸ்டூடியோவில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துத் தொழில் பழகியவர். அடையாள அட்டைக்கு முகம் நேராக இருக்கவேண்டும், இரண்டு காதும் தெரியவேண்டும். மொன்றியலுக்கு வந்த பிறகும் அவர் அந்தக் காதுகளை விடவில்லை. கிழமை நாட்களில் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியரின் மரக்கறிக் கடையில் பெட்டி அடுக்குவார். சனி, ஞாயிறில் எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவர்தான். மணவறையில் இருக்கிற பெண்ணிடம் போய், "புள்ள, அந்த முடியக் கொஞ்சம் ஒதுக்குங்க, காது தெரியல்ல" என்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

"அண்ணை, உங்கட அல்பத்தில தலையளை மட்டும் வெட்டி மாத்தினா அடுத்த கலியாணத்துக்கும் குடுக்கலாம்" என்று ஒருநாள் அவரைச் சீண்டினேன்.

"ஆக்கள் கேக்கிறது அதத்தானே தம்பி" என்றார். கோபப்படாத மனிதரோடு சண்டை பிடிப்பதைப்போல அலுப்பு வேறொன்றும் இல்லை.

ஆனால் அந்த அல்பங்களுக்கு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு அண்ணையால் வந்ததல்ல, அவருடைய மனைவி பாலாம்பிகை அக்காவால் வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்களுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அறுநூறு படங்களைப் பரப்பி வைத்து, நூற்றைம்பதைப் பொறுக்கி, அல்பத்தில் அடுக்குவது அக்கா. மொன்றியலில் யார் யாருடைய மகள், யார் யாரோடு கதைப்பதில்லை எல்லாம் அக்காவுக்குத் தலைகீழாகப் பாடம். கோபத்தில் இருக்கிற இரண்டு குடும்பங்களை ஒரே பக்கத்தில் வைக்கமாட்டார். எந்தக் குடும்பத்தின் படமும் விடுபடாது. எங்கள் ஆட்களுக்கு அல்பத்தில் தங்கள் படம் இல்லையென்றால் அது சாகும்வரைக்கும் மனத்தாங்கல். அக்காவின் கைபட்ட அல்பத்தால் ஒரு வீட்டிலும் சண்டை வந்ததில்லை.

அதனால்தான் 2005 மாசி மாதத்தில் சிவநேசம் என்ற பெண் அல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணை வீட்டுக் கதவைத் தட்டியபோது நான் ஆச்சரியப்பட்டேன். வீடியோ கசட் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன். கோயில் நிர்வாகச் சண்டையில் ஒருவரையொருவர் கோர்ட்டுக்கு இழுத்த இரண்டு பேர், சிவநேசத்தின் மகளுடைய கலியாண அல்பத்தில் ஒரே பக்கத்தில், எதிரும் புதிருமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாலாம்பிகை, உமக்குக் கண் தெரியேல்லையோ?" என்று சிவநேசம் கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். அக்கா சிரித்துச் சமாளித்தார். நானும் என் பங்குக்கு, "அக்கா சமாதானம் பேசப் பாத்தவ" என்று பகிடி விட்டேன். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த கலியாணத்துக்குப் போகும்போது வாகனத்தில் வைத்துச் சொன்னார். அக்காவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய். அது கண்ணைப் பிடித்துவிட்டது. இரண்டு முறை லேசர் அடித்தும் பார்த்தாகிவிட்டது. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நடுவில ஒரு புகை நிக்குதாம் தம்பி. நேரே பாத்தா ஒண்டும் இல்ல. தலையத் திருப்பி ஓரத்தால பாத்தா, பெரிசா இருக்கிற சாமான் என்னண்டு விளங்குமாம். முகம் விளங்காது."

நான் என் பகிடியை நினைத்து வெட்கப்பட்டேன்.

அக்காவின் கட்டளை ஒன்றும் இருந்தது. வெளியில் யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமாக மகள் தக்ஷினிக்குத் தெரியக்கூடாது. தக்ஷினி ஒட்டாவாவில் வேலை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து போவாள். அம்மாவுக்குக் கண்ணில் கொஞ்சம் மங்கல் என்ற அளவில்தான் அவளுக்குத் தெரியும். தன் வீட்டுக்குள் அக்கா கண்ணை மூடிக்கொண்டே அப்பம் சுடுவார், அதனால் பிடிபடவும் இல்லை. அப்போது தக்ஷினிக்குப் புரோசார்டில் இருக்கிற ஒரு குடும்பத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்குக் கண் போகிறது என்றால் நாளைக்குப் பிள்ளைக்கும் வரும் என்று அவர்கள் நினைப்பார்கள் அல்லவா? தாலி ஏறட்டும், பிறகு சொல்லலாம் என்பது அக்காவின் கணக்கு. எங்கள் ஆட்களுக்கு வருத்தத்தைவிட வருத்தம் இருப்பது தெரிந்துவிடுவதுதான் பெரிய வருத்தம்.

சம்பந்தம் பொருந்தி, அடுத்த வருடம் ஆவணியில் கலியாணம் என்று முடிவானது. அன்றைக்கு அக்கா அண்ணையிடம் சொன்னாராம்: "புள்ளையின்ர அல்பத்த நீங்களே அடுக்குங்க. எனக்கு இனி எல்லாப் படமும் ஒண்டுதான்."

இதைச் சொல்லும்போது அண்ணை வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"முப்பது வருசமா முகத்தத்தான் எடுத்தன் தம்பி. அவளுக்கு இல்லாமப் போனதும் அந்த முகம்தான். என்ர கையால எடுத்த புள்ளையின்ர கலியாணப் படத்தில ஒண்டையாவது அவள் பாக்கோணும். ஒண்டு போதும்."

எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கதவளவுக்குப் பெரிதாக்கினாலும் மணப்பெண்ணின் முகம் அக்காவுக்குப் பெரிய புகையாகத்தான் வந்தது.

அதே 2005 ஐப்பசியில் வழி திறந்தது, அதுவும் ஒரு பூசணிக்காயால். அண்ணை அப்போதுதான் டிஜிட்டல் கமெராவுக்கு மாறியிருந்தார். பழகுவதற்காகச் சந்தையில் கண்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து, தொலைக்காட்சியில் இணைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாராம். தேத்தண்ணியோடு குறுக்கே போன அக்கா நின்றார்.

"பூசணிக்காய எதுக்குப் படம் எடுத்தீங்க?"

அண்ணை உடனே முன்னும் பின்னும் இருந்த படங்களைக் காட்டினார். தக்காளிக் குவியல், கடை முதலாளி, சந்தைக் கூட்டம், ஒன்றும் அக்காவுக்குத் தெரியவில்லை. திரும்பப் பூசணிக்காயைப் போட்டார். "அதுதான், பூசணிக்காய். காம்பும் நிக்குது" என்றார் அக்கா. கவிழ்த்து வைத்த ஒரு வெள்ளைப் பெட்டியின் மேல் ஒற்றையாக இருந்த காய் அது. சுற்றிவர வேறொன்றும் இல்லை.

அடுத்த நாள் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்து அந்தப் பூசணிக்காயைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தார். அது என்ன நிறம், என்ன விலை என்று அல்ல. அது உருண்டை. உருண்டையின் விளிம்பு வெள்ளையில் வெட்டித் தெரிகிறது. ஒன்றோடொன்று முட்டவில்லை. தக்காளியும் உருண்டைதான், ஆனால் நூறு உருண்டை சேர்ந்தால் ஓர் உருண்டையும் இல்லை. கலியாண வீட்டில் நாங்கள் செய்வதும் அதுதான், எல்லாவற்றையும் ஒன்றுக்குள் திணித்துவிடுகிறோம் என்றார். ஐம்பத்திரண்டு வயதில் மனிதருக்கு விசர் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

பிறகு அவர் செய்ததைப் பார்த்தபோது அது உறுதியாகிவிட்டது. ஒரு பழைய கண்ணாடியை எடுத்து, இரண்டு வில்லைக்கும் நடுவில் வசிலீனைப் பூசி, போட்டுக்கொண்டு ரோட்டில் நடக்கத் தொடங்கினார். அக்கா பார்க்கிறமாதிரி தானும் பார்க்கவேண்டுமாம். முதல் நாளே தீயணைப்புக் குழாயில் முட்டி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குள் போய் ஆளுயரக் குளிர்பான விளம்பர அட்டைக்கு "பொன்ஜூர்" சொன்னாராம்.

நான் சிரித்தேன். "இந்தா, போட்டுப் பார்" என்று கண்ணாடியை என்னிடம் நீட்டினார். அப்போது நாங்கள் அவருடைய வீட்டில் இருந்தோம். என் எதிரே என் மனைவி றொஷினி அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் போட்டதும் றொஷினியின் முகம் போய்விட்டது. தோள் இருந்தது, கொண்டை இருந்தது, கையை ஆட்டுகிற விதம் இருந்தது. முகம் இருந்த இடத்தில் ஊத்தைப் பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று. அவள் சிரிக்கிறாளா, என்னை முறைக்கிறாளா என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் அந்த முகத்தோடு சண்டை பிடித்தவன் நான், பயந்துபோனேன். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். அன்றைக்குப் பிறகு அண்ணையைப் பகிடி பண்ணவில்லை.

அந்த மாரிக்காலம் முழுவதும் அவர் எடுத்த படங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது. இருபது வருடமாக நாங்கள் திட்டிக்கொண்டு வழித்த பனியை, "கடவுள் எனக்கெண்டு விரிச்சு வச்ச வெள்ளைத் துணி" என்றார். ஜாரி பூங்காவில் போய் நிற்பார். பனியில் கறுப்புக் கோட்டோடு ஒரு ஆள் நடந்தால் போதும். எங்கள் பகுதி வீடுகளின் வெளிப்புறத்தில் சுருண்டு ஏறுகிற இரும்புப் படிகள், இலை கொட்டிய மரத்தின் கவர்க்கிளை, தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரரின் பின்பக்கம், எல்லாம் அவருக்கு வட்டம், முக்கோணம், வளையம். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பார்ப்பார், மிஞ்சுவது எதுவோ அதை எடுப்பார். பின்னேரம் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுவார். அக்கா தலையைச் சரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

"இல்ல."

"இல்ல. என்னமோ குவிஞ்சு கிடக்கு."

"இது தெரியுது. கிரேக்கக் கிழவி ஒராள், சாமான் வண்டி இழுத்துக்கொண்டு போறா. கால் ஒண்டு நோகுது போல."

நோகிறதுதான். அடுத்த நாள் அண்ணை அந்தக் கிழவியைத் தேடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்த காலத்தில் நாங்கள் யாரும் கவனிக்காத கால் அது.

ஒருநாள் நான் வாசலில் நிற்கிற படத்தைப் போட்டார். அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஜெறோம் தம்பி. வயிறு முன்னுக்கு வந்திட்டு, ஆள் பின்னுக்கு வாறார்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் கண் போன பிறகு அக்கா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அதற்காக என் வயிற்றை நான் மன்னித்துவிட்டேன்.

மனிதருக்கு நேராக இருப்பதைவிடப் பக்கவாட்டில்தான் உருவம் அதிகம் என்பதை அண்ணை அந்த மாரியில்தான் கண்டுபிடித்தார். நேரே பார்த்தால் எல்லாத் தலையும் முட்டை. பக்கத்தால் பார்த்தால் நெற்றி, மூக்கு, உதடு, நாடி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோடு. இரண்டு காதும் தெரியவேண்டும் என்று முப்பது வருடம் அடம்பிடித்தவர் ஒற்றைக் காதோடு படம் எடுக்கத் தொடங்கினார். கலியாண வீடுகளிலும் எடுத்தார். மணப்பெண்ணின் இரண்டு கையும் சேர்ந்து பிடித்த மாலை ஒரு பெரிய வளையமாக, வெறும் சுவருக்கு முன்னால். பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். இளம் சோடிகள் அவரைத் தேடித் தேடி வந்தார்கள். நானும் என் கமெராவை அங்கேயும் இங்கேயும் ஆட்டுவதை நிறுத்தி, ஓரிடத்தில் நின்று பார்க்கப் பழகினேன். இன்றைக்கு யாராவது என் வீடியோவை நன்றாயிருக்கிறது என்றால், அதில் பாதி அந்தப் பூசணிக்காய்க்குப் போகவேண்டியது.

கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு அண்ணை மகளிடம் மெல்லக் கேட்டார். "புள்ள, மணவறைக்குப் பின்னால வெறும் வெள்ளைத் துணி போதுமே?"

"அப்பா, இது கலியாணம். பாஸ்போர்ட் படம் இல்ல" என்றாள் தக்ஷினி. ரொறொன்ரோவிலிருந்து தங்க மணவறை வரப்போகிறது என்றும் சொன்னாள். இரண்டு மயில், நான்கு யானை, மினுங்கி மினுங்கி எரிகிற லைட். ஏன் வெள்ளை என்று சொல்ல அண்ணைக்கு வாயில்லை, அக்காவுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது.

கலியாணம் 2006 ஆவணியில், லவாலில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. பெண்ணின் தகப்பன் தாரைவார்க்க வேண்டும். கமெராவைத் தூக்க முடியாது. அதனால் வீடியோவுக்கு என் கூட்டாளி மகேந்திரராசாவை விட்டுவிட்டு, அண்ணையின் கமெராவை நான் பொறுப்பெடுத்தேன். காலையில் பட்டுவேட்டியோடு வந்து அதை என் கழுத்தில் மாட்டினார். சவர்க்காரப் பெட்டி ஒன்றையும் தந்தார். உள்ளே வசிலீன் பூசிய கண்ணாடி.

"மற்றதெல்லாம் உன்ர விருப்பம் தம்பி. அவளுக்குத் தெரியிற மாதிரி ஒண்டு. எடுத்திட்டு இதப் போட்டுப் பார்."

சொன்னால் வெட்கம். பத்து மாதம் பாடம் கேட்டவன், ஒரு படத்தைக்கூட ஒழுங்காக எடுக்கவில்லை. எங்கே கமெராவைத் திருப்பினாலும் மயில். மயில் இல்லாவிட்டால் யானை. தாலி கட்டும்போது பூவும் அரிசியும் பறந்தன. தாலி ஏறியதும் சனம் வரிசையில் வந்துவிட்டது. "தம்பி, எங்களையும் ஒருக்கா எடும்", "தம்பி, பெரியப்பாவை விட்டிட்டீர்", "தம்பி, இவ கண்ணை மூடிப்போட்டா, திரும்ப எடும்". ஒரு குடும்பத்தை விட்டாலும் அண்ணையின் பெயர் கெடும் என்ற பயத்தில் மூன்று மணித்தியாலம் வரிசையை எடுத்தேன். கடைசி ஆள் இறங்கியபோது மணி மூன்றரை. சவர்க்காரப் பெட்டியைத் திறந்து, கண்ணாடியைப் போட்டு, எடுத்த படங்களைப் பார்த்தேன். நானூற்றுச் சொச்சம் படம். எல்லாமே மஞ்சள் களி.

அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவருடைய முகம் சுருங்கியது. உடனே என் தோளைத் தட்டினார்.

"விடு தம்பி. நீ என்ன செய்வாய். நான் ஆசைப்பட்டது பிழை."

அவர் என்னை ஏசியிருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். ஏசவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. நேரே மணப்பெண்ணின் அறைக்குப் போனேன். தக்ஷினி புறப்பட ஆயத்தமாக நின்றாள். நாலரைக்கு ராகுகாலம், அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் புரோசார்டுக்குப் புறப்படவேண்டும். தாலி ஏறிவிட்டது, வாக்கும் முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கண்ணாடியை அவள் கையில் வைத்தேன்.

"இதைப் போட்டுக்கொண்டு கொம்மாவைப் பார் பிள்ளை."

கதவுக்கு வெளியே முன்வரிசையில் அக்கா இருந்தார். தக்ஷினி கண்ணாடியைப் போட்டாள், பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா இப்படித்தான் என்னப் பாக்கிறாவா, ஜெறோம் மாமா?"

"ஓம்."

"எவ்வளவு நாளா?"

"ஒண்டரை வருசம்."

வெள்ளைத் துணியையும் பூசணிக்காயையும் அவசர அவசரமாகச் சொன்னேன். கண்மை ஓடப்போகிறது, இவளைப் பெற்றவர்கள் என்னைக் கொல்லப்போகிறார்கள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. கூறைச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தாள். அதற்குள் பெண்கள் அக்காவை வழியனுப்ப வாசலுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். மணவறைக்காரர் அப்போதே மயில்களைக் கழற்றத் தொடங்கியிருந்தார். "அண்ணா, பின்துணியையும் இறக்குங்க" என்றாள். துணி இறங்கியது. அதற்குப் பின்னால் மண்டபத்தின் சுவர், சுத்த வெள்ளை.

எனக்கும் புத்தி வந்தது. என் வீடியோ லைட் இரண்டையும் சுவரைப் பார்க்கத் திருப்பினேன். ஒன்றின் கால் உடைந்திருந்தது. அதை மாப்பிள்ளை டினோஜன் தூக்கிப் பிடித்தான், தலைப்பாகையோடும் மாலையோடும், ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல். அந்தக் குணத்துக்காகவே அவனுக்குப் பெண் கொடுத்திருக்கலாம். மற்ற லைட்டுகளை அணைத்தோம். சுவர் பால் மாதிரி எரிந்தது. அதற்கு முன்னால் தக்ஷினி பக்கவாட்டாக நின்றாள்.

"அப்பா, கமெராவ எடுங்க" என்று கத்தினாள்.

அண்ணை ஓடிவந்தார். என் கழுத்திலிருந்து கமெராவைப் பிடுங்கினார். பட்டுவேட்டியோடு, சால்வை ஒரு பக்கம் இழுபட, முழு உருவமும் அடங்கவேண்டுமென்று ஓரடி பின்னே போனார். இன்னும் ஓரடி. கண்ணைக் கமெராவிலிருந்து எடுக்காமல் இன்னும் ஓரடி. பின்னால் மடித்து அடுக்கியிருந்த கதிரைகள் அத்தனையும் படபடவென்று சரிய, பெண்ணின் தகப்பன் அவற்றுக்கு மேல் போய்க் குந்தினார். தக்ஷினி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். விழுந்த இடத்தில் இருந்தபடியே அண்ணை பொத்தானை அமத்தினார்.

அவ்வளவுதான். மணி நாலே கால். மண்டபக்காரன் பிரெஞ்சில் கத்தத் தொடங்க, எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். காரடியில் தக்ஷினி தாயைக் கட்டிப்பிடித்து அழுத அழுகை எனக்கு மட்டும்தான் விளங்கியது. கார் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"புள்ள சரியா அழுதவளா தம்பி? முகம் எப்படி இருந்த?"

நான் லைட் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "பின்னை, அழாமல் போவாளோ அக்கா" என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில். பக்கத்தில் நின்ற பெண்களும், "பாவம், பிள்ளை அழுதழுது போனது" என்று சேர்ந்துகொண்டார்கள். அக்கா அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை என்று அண்ணை பிறகு சொன்னார்.

நாலாம் நாள் மத்தியானம் புதுச் சோடி விருந்துக்கு வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வந்ததும் தக்ஷினி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் தனக்குத் தெரியும் என்றாள். அக்கா பதறி மாப்பிள்ளை நின்ற பக்கம் தலையைத் திருப்பினார்.

"அவருக்கும் தெரியும் அம்மா. அவர்ட அம்மாவும் பத்து வருசமா சீனிக்கு ஊசி போடுறாவாம். எங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு தாலி ஏறும்வரைக்கும் ஒளிச்சு வச்சிருந்தவங்களாம்."

டினோஜன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். கலியாண மேடையில் இரண்டு பக்கமும் தங்கள் சீனியை மறைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு லட்டு, அந்தப் பக்கம் ஒரு லட்டு என்று ஊட்டிவிட்டதை நான் என் கண்ணால் பார்த்தவன். தலையில் அடித்துக்கொண்டேன்.

அண்ணை உள்ளே போய்ப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையளவு பெரியது. வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக ஓர் உருவம், அவ்வளவுதான். சேலையில் சரிகை இல்லை, நகையில் மினுக்கம் இல்லை, கண்ணும் மையும் இல்லை. யன்னலோரம் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, பரீட்சை மறுமொழிக்கு நிற்கிற பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா கிட்டப் போனார். தலையை இடப்பக்கம் சரித்தார். கொஞ்சம் பின்னே வந்தார். இன்னும் கொஞ்சம் சரித்தார். அந்தோனியாரே, இந்த ஒரு தரம் என்று மனதுக்குள் கேட்டேன்.

"மூக்கு... புள்ளையின்ர மூக்கு" என்றார் அக்கா. "கொண்டை. கொண்டையில பூ. கழுத்து." பிறகு நிறுத்திவிட்டார். விரலை உயர்த்தினார், படத்தைத் தொடவில்லை.

"வாய் திறந்திருக்கு."

அவருடைய விரல் காற்றில் அந்தக் கோட்டின் வழியே போனது.

"சிரிக்கிறாள்" என்றார் அக்கா. "தலைய அங்கால போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரிக்கிறாள்." எங்கள் பக்கம் திரும்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் பழைய அக்காவின் குரல், அல்பம் அடுக்குகிற காலத்துக் குரல். "புள்ள அழுதத எல்லாரும் சொன்னீங்க. சிரிச்சத ஒருத்தரும் சொல்லல்லையே."